சைஸ் மட்டும்

9 ஜனவரி 2024, செவ்வாய்

கடையைத் திறந்து பத்து நிமிடம் ஆகவில்லை, ஷாகிர் வந்து நின்றான். அவன் அண்ணன் கல்யாணத்துக்குப் பத்துக்கு எட்டு அடியில் ஃபிளெக்ஸ் வேண்டுமாம். படம் எங்கே என்றால் போனை நீட்டுகிறான். யாரோ ஸ்டேட்டஸில் வைத்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறான். மேலே மணி 7.42, பேட்டரி பதினாலு சதவீதம்.

"பேட்டரியையும் சேத்து அடிச்சிரவா?" என்றேன்.

"அதைக் கட் பண்ணிருங்கண்ணே. மூஞ்சிய மட்டும் கொஞ்சம் ஷார்ப் பண்ணிட்டா போதும்."

எதை ஷார்ப் பண்ண? மாப்பிள்ளையின் முகம் குறுக்காக அறுபது புள்ளி இருக்கிறது. ஃபிளெக்ஸில் ஒவ்வொரு புள்ளியும் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வரும். வருகிறவர்கள் மண்டப வாசலில் ஒரு சதுரங்கப் பலகையைப் பார்த்துவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போவார்கள். சொன்னேன். தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாதாம். கடலுக்குள் போய் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

ஷார்ஜாவில் பிரிண்ட் லேபில் பதினாலு வருடம் இருந்தவன் நான். அங்கே ஒரு வாடிக்கையாளன் சிவப்பு இரண்டு சதவீதம் கூடிவிட்டது என்று நாற்பது படங்களைத் திருப்பி அனுப்பினான். அன்றைக்கு அவனைத் திட்டாத திட்டில்லை. இப்போது ஜெகதாப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு அவனை நினைத்து ஏங்குகிறேன்.

17 ஜனவரி, புதன்

ஐஸ் பிளாண்ட் முதலாளி உதயசூரியன் ஒரு வெப்சைட் வைத்திருக்கிறார். ஐஸ் கட்டிக்கு எதற்கு வெப்சைட் என்று கேட்கக் கூடாது. முதல் பக்கத்தில் விசைப்படகு படம், ஒன்பது எம்பி. பக்கம் திறப்பதற்குள் அவருடைய ஐஸ் உருகிவிடும்.

"சின்னதாக்கவா?" என்றேன்.

"எதுக்குச் சின்னதாக்கணும்? படகு பெருசுல்ல?"

இவரிடம் என்ன பேசுவது? அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஆயிரத்து இருநூறு பிக்சலுக்குக் குறைத்து, நூற்று எண்பது கேபியில் ஏற்றினேன். திரும்பி வந்து பார்த்தார். "இப்ப பாருங்க, எவ்வளவு பெருசாத் தெரியுது!"

என் முதுகுக்குப் பின்னால் சுவரில் மூன்று விதிகள் லேமினேஷன் செய்து மாட்டியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் கொண்டு வராதீர்கள். ஒரிஜினலில் கை வைக்காதீர்கள், முதலில் நகல் எடுங்கள். மாட்டி மூன்று வருடம் ஆகிறது. இந்த ஊரில் ஒரு ஜீவன் படித்ததில்லை.

28 ஜனவரி, ஞாயிறு

என் மனைவி தஸ்லீமாவின் தங்கை சாமியா சாயங்காலம் கடைக்கு வந்தாள். அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும், 31-ஆம் தேதி கடைசி. போன இரண்டு தடவையும் ஒன்றிரண்டு மார்க்கில் தவறியவள். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆவுடையார்கோவிலுக்கு பஸ் ஏறிப் போய்ப் பயிற்சி வகுப்பில் படிக்கிறாள்.

இருபத்தெட்டு வயது. எட்டு வயதில் ஐஸ் பிளாண்ட் வாசலில் வழுக்கி, ஐஸ் கட்டியின் முனையில் விழுந்தாள். கீழுதட்டிலிருந்து தாடைக்குக் கீழே வரை ஏழு தையல். பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்களும் அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டன. "வேலை மட்டும் கெடைச்சிருச்சுன்னா இனி எவனுக்கும் டீ போட வேண்டாம் மச்சான்" என்பாள்.

வகுப்புக்குப் பக்கத்துக் கடையில் இன்று போட்டோ எடுத்து, நாலு காப்பி கவரில் போட்டு வாங்கி வந்திருந்தாள். எடுத்தவர் மரியசெல்வமாம். இவர் போட்டோ எடுக்கிறாரா, போலீஸுக்கு ஆள் பிடித்துத் தருகிறாரா? நெற்றியில் ஃபிளாஷ் எரிகிறது. கழுத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல். தழும்பு வெளிச்சம் போட்டுக் காட்டியதுபோல மின்னுகிறது. இந்த மாதிரி ஆட்கள் கையில் கேமராவைக் கொடுத்தது யார்?

நாலையும் கிழித்துக் குப்பையில் போட்டேன். "செவ்வாய்க்கிழமை வா, நான் எடுத்துத் தாரேன்."

"என்னைய மாதிரியே இருக்குன்னு நினைச்சேன் மச்சான்" என்றாள்.

பாவம், நல்ல போட்டோ பார்த்ததில்லை.

30 ஜனவரி, செவ்வாய்

சாமியாவை எடுத்தேன். இரண்டு பக்கமும் மெல்லிய வெளிச்சம், நிழல் துளியும் இல்லை. எடுத்ததை கம்ப்யூட்டரில் ஏற்றி உட்காரும்போது ஷாகிர் வந்துவிட்டான். ஃபிளெக்ஸ் நீலம் மங்கலாக இருக்கிறதாம், போனில் பளிச்சென்று இருந்ததாம். போனில் இருப்பது வெளிச்சம், ஃபிளெக்ஸில் இருப்பது மை. இதை அவனுக்கு விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அவனோடு கத்திக்கொண்டே வேலையை முடித்தேன்.

கத்திக்கொண்டே செய்தாலும் வேலை வேலைதான். தழும்பைப் பக்கத்துத் தோலை எடுத்து நிரப்பினேன். பத்து நிமிடம். எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஷார்ஜாவில் இதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

சாமியா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். "எங்க மச்சான் என் தழும்பு?"

"போச்சு."

"இப்படிக் குடுக்கலாமா?"

"எவன் விண்ணப்பத்துக்கு ஒரிஜினல் மூஞ்சியக் குடுக்குறான்? சும்மா இரு, எனக்குத் தெரியும்."

சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

31 ஜனவரி, புதன்

விண்ணப்பம் போய்விட்டது. மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர், 38 கேபி. ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது. வேறு எவன் கடையில் இது நடக்கும்?

12 மே, ஞாயிறு

தேர்வு முடிந்து சாமியா வந்தாள். முகம் வெளுத்திருந்தது. தேர்வு அறை வாசலில் கேமராவில் முகத்தைப் பிடித்து விண்ணப்பப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். பொருந்தவில்லை. முக்கால் மணி நேரம் தனியாக நிறுத்திவைத்து, எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே விட்டிருக்கிறார்கள். முதல் இருபது நிமிடம் போய்விட்டது.

அந்த மெஷினை வாங்கியவனைச் சொல்ல வேண்டும். மலிவான கேமரா, ஜன்னலுக்கு எதிரே உட்கார வைத்திருப்பார்கள், முகம் இருட்டாகத்தான் விழும். சாமியாவிடம் சொன்னேன். அவள் தாடையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

2 ஜூலை, செவ்வாய்

நம் ஊர்ப் படகுகள் இரண்டை, ஆட்களோடு சேர்த்து, இலங்கை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கலெக்டரிடம் மனு கொடுக்கப் பதினாலு பேர் படம் வேண்டும். பெண்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் மூலையில் நிற்கிற முகம், பைக் மேல் கறுப்புக் கண்ணாடியோடு ஒரு முகம். ஒன்றுகூட இருநூறு பிக்சல் தேறாது. இன்றைக்கு நான் யாரையும் எதுவும் சொல்லவில்லை.

ரம்லத் பீவி மகனும் அதில் ஒருவன். அவன் படத்தைக் கொஞ்சம் பிரகாசமாக்கினேன். அந்தம்மா என் கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, எம்மவன் கறுப்பாத்தான் இருப்பான். அப்படியே குடுங்க. அப்பத்தான் அவனைக் கண்டுபிடிச்சுத் தருவாங்க."

அப்படியே கொடுத்தேன்.

21 ஆகஸ்ட், புதன்

சாமியா தேர்வில் பாஸ் என்று போன மாதம் வந்தது. இருபது நிமிடம் போயும் பாஸ். இன்று புதுக்கோட்டையில் சான்றிதழ் சரிபார்ப்பு. தஸ்லீமா துணைக்குப் போனாள். மூன்று மணிக்கு இரண்டு பேரும் நேராகக் கடைக்கு வந்தார்கள். தஸ்லீமா என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அங்க அடையாளம்: தாடையில் தழும்பு. தேர்வு அறையில் பிடித்த படத்தில் தழும்பு இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கும் இருக்கிறது. விண்ணப்பத்தில் இருக்கிறவளுக்கு இல்லை. அதிகாரி அம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "யாரும்மா இது?" என்று கேட்டாராம். அக்காவா தங்கையா, யாருக்காக யார் தேர்வு எழுதியது என்று. அத்தனை பேர் முன்னால்.

அடுத்த புதன்கிழமை வரை நேரம். விண்ணப்பித்த நாட்களில் எடுத்த, கை வைக்காத ஒரிஜினல் ஃபைல் வேண்டும், எடுத்த தேதி அதில் இருக்க வேண்டும். படத்தைத் திருத்தியது யார் என்று கடைக்காரர் கையெழுத்தோடு கடிதமும் வேண்டும். இல்லையென்றால் ஆள்மாறாட்டம் என்று எழுதிவிடுவார்கள். இந்த வேலையும் போகும், இனிமேல் எந்தத் தேர்வும் எழுத முடியாது.

"ஒரிஜினல்தானே? நான் எப்பயாச்சும் ஒரிஜினல்ல கை வச்சிருக்கேனா?" என்றேன். நாளைக் காலையில் எடுத்துத் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

22 ஆகஸ்ட், வியாழன்

ஃபோல்டர் பெயர் 'சாமியா ஒரிஜினல்'. உள்ளே ஒரே ஒரு ஃபைல். 413-க்கு 531 பிக்சல். 38 கேபி. பெரிதாக்கிப் பார்த்தேன். தாடை வழுவழுவென்று இருக்கிறது.

ஒரிஜினல் மேலேயே சேவ் பண்ணியிருக்கேன். நகல் எடுக்கவே இல்லை. ஷாகிர் நீலம் நீலம்னு கத்திக்கிட்டு இருந்தான், நான் வெட்டி, அழிச்சு, குறைச்சு, அதே ஃபைல்லயே கண்ட்ரோல் எஸ். யாராவது இப்படிப் பண்ணிட்டு வந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? ஊரே கேக்குற மாதிரி சொல்லியிருப்பேன்.

மெமரி கார்டை அன்று சாயங்காலமே ஒரு நிச்சயதார்த்தத்துக்காக ஃபார்மட் செய்துவிட்டேன். மீட்டெடுக்கும் மென்பொருளை மத்தியானம் வரை ஓடவிட்டேன். ஷாகிரின் அண்ணன் கல்யாணம் வந்தது. முந்நூற்றுப் பதினேழு படம், எல்லாம் பிரியாணி சாப்பிடுகிறவர்கள்.

மூன்றாவது விதி என் தலைக்குப் பின்னால் தொங்குகிறது. அதைப் படிக்காத ஜீவன்களில் நானும் ஒருத்தன்.

23 ஆகஸ்ட், வெள்ளி

ஜும்மா முடிந்து வந்ததும் தஸ்லீமாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அவ போன்ல வேற படம் இருக்குமா?"

"அவ படமே எடுத்துக்கிறதில்ல. ஒங்களுக்குத் தெரியாதா?"

"நான் அவளுக்கு நல்லதுக்குத்தான் பண்ணினேன்."

"டீ குடிச்சிட்டுப் போனவங்களும் அந்தத் தழும்பத்தான் பாத்தாங்க. நீங்களும் அதையேதான் பாத்திருக்கீங்க. 'நம்ம மச்சானுக்கும் என் மூஞ்சி பிடிக்கலை'ன்னு, படம் எடுத்த அன்னைக்கே எங்கிட்ட வந்து அழுதா."

அன்றைக்கா? சிரித்தாள் என்றல்லவா எழுதி வைத்திருக்கிறேன்.

சாமியா என்னிடம் பேசவில்லை. தஸ்லீமாவின் போனுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருக்கிறாள். 'ஆவுடையார்கோவில் மரியசெல்வம் அண்ணன்கிட்ட இருக்கும். அவரு எதையும் அழிக்க மாட்டாரு.'

வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம் என்றால், அந்த மனிதர் போட்டோவாகத்தான் அனுப்புவார். சுருங்கிவிடும், எடுத்த தேதியும் ஃபைலிலிருந்து காணாமல் போய்விடும். நேரில்தான் போக வேண்டும். நான்தான் போக வேண்டும்.

24 ஆகஸ்ட், சனி

பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மீமிசல் வழியாக பஸ்ஸில் போனேன். ஆவுடையார்கோவிலில் இறங்கி விசாரித்தால், மரியசெல்வம் கடை ஒரு செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. பின்னால் தொங்கும் நீலத் திரையில் இஸ்திரி பார்த்த அடையாளமே இல்லை. ஒரே ஒரு ஃபிளாஷ், அதுவும் நேராக முகத்துக்கு. மானிட்டர் முழுக்க மஞ்சள் ஓடிக் கிடக்கிறது. வாசலில் நின்று இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். எதற்கு வந்தேன் என்று எனக்கு நானே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

பெயரைச் சொன்னேன். ஐம்பது வயது இருக்கும். எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"ஷார்ஜாக்காரரு நீங்கதானா? சாமியா தங்கச்சி சொல்லும். எங்க மச்சான் மாதிரி வேலை தெரிஞ்சவரு இந்தச் சீமையிலேயே கெடையாதுன்னு."

நான் விஷயத்தைச் சொன்னேன். தழும்பை அழித்ததை, ஒரிஜினல் மேலேயே சேவ் செய்ததை, இவர் எடுத்த படங்களைக் கிழித்துப் போட்டதை. கடைசியில் சொன்னதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அது பாட்டுக்கு வாயில் வந்துவிட்டது.

அவர் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினார். வருடம், மாதம், நாள் என்று பதினோரு வருடம் வரிசையாக இருக்கிறது. 28 ஜனவரி. அன்றைக்கு ஆறு பேர் வந்திருக்கிறார்கள். நாலாவது சாமியா. கேமராவிலிருந்து வந்தது வந்தபடி, ஐந்தரை எம்பி, தேதி, நேரம், காலை 9.12. நெற்றியில் அதே ஃபிளாஷ், கழுத்துக்குப் பின்னால் அதே நிழல். தாடையில் ஏழு தையலையும் எண்ணலாம்.

"எல்லாத்தையும் இப்படியேவா வச்சிருக்கீங்க?" என்றேன்.

"எனக்கு எடிட் பண்ணத் தெரியாதுங்க. தெரியாததுல எதுக்குக் கைய வைக்கணும்? பிரிண்ட் போட்டுக் குடுத்துட்டு அப்படியே வச்சிருவேன்."

பென் டிரைவில் ஏற்றித் தந்தார். அவர் கையாலேயே ஒரு கடிதமும் எழுதித் தந்தார். டீ வாங்கி வரச் சொன்னார், குடித்தேன். கிண்டலாக ஒரு வார்த்தையாவது சொல்லியிருந்தால் பஸ்ஸில் நிம்மதியாக வந்திருப்பேன்.

26 ஆகஸ்ட், திங்கள்

சாமியாவோடு புதுக்கோட்டைக்கு நான்தான் போனேன். என் கடிதத்தை அதிகாரி அம்மா வாய்விட்டே படித்தார். "மேற்படி விண்ணப்பதாரரின் தாடையில் உள்ள தழும்பை, அவர் கேட்காமலேயே, என் சொந்த விருப்பத்தில் நான் அழித்தேன்." அந்த அறையில் பத்துப் பேராவது இருந்தார்கள்.

மரியசெல்வத்தின் படத்தைத் திரையில் பெரிதாக்கினார்கள். தேதி பார்த்தார்கள். தேர்வு அறைப் படத்தைப் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு சாமியாவைப் பார்த்து, "முகத்தைக் கொஞ்சம் தூக்கும்மா" என்றார். தூக்கினாள். அந்த அம்மா குறித்துக்கொண்டு, மேலே அனுப்புவதாகச் சொன்னார். என்னைப் பார்த்து, "நல்லா வேலை தெரிஞ்சவரு போல" என்றார். பாராட்டு இல்லை அது.

அறந்தாங்கி தாண்டி பஸ்ஸில்தான் சாமியா வாயைத் திறந்தாள். "இருபது வருஷமா கண்ணாடில நான் பாக்குற மூஞ்சி மச்சான் இது. பழகிட்டேன். எடுத்துரவான்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"



3 அக்டோபர், வியாழன்

ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்லூரி அடையாள அட்டைக்குப் படம். "பருவெல்லாம் எடுத்துட்டு, கொஞ்சம் வெளுப்பாக் குடுங்க" என்றார். மகளைப் பார்த்து, எடுக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டியது. அம்மாவுக்குக் கோபம், வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கொடுத்திருப்பார்கள்.

18 நவம்பர், திங்கள்

சாமியாவுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். தஸ்லீமா இனிப்புக் கிண்டினாள். நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றேன். சந்தோஷத்தில்தான்.

சேரும்போது அடையாள அட்டைக்குப் புதுப் படம் வேண்டுமாம். மூன்றரைக்கு நாலரை, ஐம்பது கேபிக்குள். நாளைக் காலையில் லைட்டைத் துடைத்து வைக்க வேண்டும்.

20 நவம்பர், புதன்

நேற்று முழுவதும் காத்திருந்தேன், வரவில்லை. இன்று காலை பத்தே காலுக்கு பஸ் என் கடைக்கு எதிரே நின்றது. ஜன்னலோரம் சாமியா. புதுத் துப்பட்டா. என்னைப் பார்த்துக் கை தூக்கினாள், நானும் தூக்கினேன். பயிற்சி வகுப்பு எப்போதோ முடிந்துவிட்டது. அந்த பஸ் ஆவுடையார்கோவில் போகிற பஸ்.

ஒன்றரை மணிக்கு போனில் படம் வந்தது. டாக்குமெண்டாகவே அனுப்பியிருந்தாள். ஆறு எம்பி. என் முதல் விதியைப் படித்த ஒரே ஆள். கீழே ஒரு வரி: 'சைஸ் மட்டும் மாத்துங்க மச்சான்.'

முதலில் நகல் எடுத்தேன். அதில் வெட்டி, 413-க்கு 531 ஆக்கி, 46 கேபிக்குக் கொண்டுவந்தேன். நெற்றி மினுமினுப்பையாவது கொஞ்சம் குறைத்துவிடவா என்று கேட்டு எழுதினேன். எழுதியதை அழித்துவிட்டு, ஃபைலை அப்படியே அனுப்பினேன். 'சரியா இருக்கா?'

பதில் வந்தது. 'என்னைய மாதிரியே இருக்கு.'

மரியசெல்வத்தின் லைட்டிங் இன்னமும் படுமோசம். அதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.